பழைய தச்சு மேசை வாங்குமுன் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்

தயவுசெய்து இனிமேல் பழைய தச்சு மேசையின், அதாவது தச்சர் கட்டையை வைத்து இழைத்து, அறுத்து வேலை செய்யும் மேசையின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பி "அண்ணா, இது தேக்குதானே, வாங்கலாமா?" என்று கேட்காதீர்கள். போட்டோவில் நிறம் தெரியும், பாலிஷ் தெரியும். மேசை ஆடுமா ஆடாதா என்பது தெரியாது, எனக்கோ அதுதான் முதலில் தெரிய வேண்டும். காட்பாடியில் இருக்கும் ஒரு தம்பி இப்படித்தான் கேட்டார். நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன், அதற்குள் முன்பணம் போட்டுவிட்டார். வந்து இறங்கியது வார்னிஷ் அடித்த பழைய சாப்பாட்டு மேசை. கால்களை ஆணியில் நிறுத்தி, ஓரத்தில் இரும்பு வேலைக்கான வைஸ் (திருகி இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) ஒன்றை முடுக்கியிருந்தார்கள். அதில் கட்டையை மாட்டி உளி பிடித்தவுடன் மேசை அசைந்தது, கட்டை நழுவியது, உளி இடது கையில் இறங்கிவிட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இப்படிக் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

தேக்கா இல்லையா என்பதை முதலில் விடுங்கள். மேசைக்கு வேண்டியது கனமும் விறைப்பும்தான். வேம்பு, வேங்கை, வாகை, மா எதுவானாலும் சரி, பலகை 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 3 அங்குலம் இருந்தால் நிம்மதி. 6 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலக் கனம் என்றால் 3 கன அடி மரம். பலகை மட்டுமே 50 கிலோவுக்கு மேல் இருக்கும், அந்த எடைதான் இழைக்கும்போது மேசையை நகராமல் நிறுத்துகிறது.

இதைவிட என்னை வாட்டுவது தழும்புப் பயம். ரம்பம் பட்ட கோடு, உளி இறங்கிய வெட்டு, துரப்பணம் போட்ட ஓட்டை, காய்ந்த பசை, இதையெல்லாம் பார்த்தவுடன் "ரொம்ப அடிபட்டிருக்கு" என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். அடிபடாத தச்சு மேசை என்றால் அதில் யாரும் வேலை செய்யவில்லை என்று பொருள். இழைப்புளி ஓடுவது நீங்கள் மாட்டிய கட்டையின் மேல், மேசையின் மேல் இல்லை. கட்டைக்கு அடியில் நாலு ஓட்டை இருந்தால் என்ன குறைந்துவிடும்? தடுப்புக்கட்டை செருக நாமே ஓட்டை போடத்தான் போகிறோம். பலகை முனையில் வெடிப்பு இருப்பதும் அப்படித்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி மழையில் ஊதி, வருடா வருடம் இதையே செய்யும் மரம் முனையில் கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பு வைஸ் போல்ட் வரை ஓடியிருந்தால் மட்டும் யோசியுங்கள். சத்துவாச்சாரியில் ஒருவர், பள்ளிக்கூட ஏலத்தில் வந்த கல் மாதிரியான மேசையை மை கறைக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைவிடக் கூடுதல் விலைக்குப் பளபளக்கும் பிளைவுட் மேசையை வாங்கினார். மழைக்காலம் வந்ததும் அதன் ஓரம் உப்பிவிட்டது.

சரி, எப்படிப் பார்ப்பது? மேசையின் ஒரு முனையில் நின்று இரண்டு உள்ளங்கையையும் பதித்து, இழைக்கிற திசையில் நீளவாக்கில் முழு பலத்தோடு தள்ளுங்கள், பிறகு இழுங்கள். கண் காலும் சட்டமும் சேருகிற இடத்தில் இருக்கட்டும். தரை மேடுபள்ளத்தால் ஒரு கால் தூக்கினால் அது ஒன்றுமில்லை, அடியில் சின்ன ஆப்பு வைத்தால் நின்றுவிடும். நாலு காலும் தரையில் பதிந்திருக்கும்போதே மேற்பலகை சாய்ந்து சாய்ந்து வந்தால் கழுந்து, அதாவது துளைக்குள் செருகிய மரமுனை, தளர்ந்திருக்கிறது. போல்ட் போட்ட சட்டமாக இருந்தால் முடுக்கிப் பார்க்கலாம், ஆப்பு வைத்த கழுந்தாக இருந்தால் ஆப்பை மாற்றலாம். ஆணியில் நிற்கிறது என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது முறுக்கு. ஒரே அளவான இரண்டு அலுமினியச் சதுரக் குழாய்த் துண்டுகளைக் கொண்டுபோங்கள். மேசையின் இரு முனையிலும் குறுக்காக ஒவ்வொன்று வைத்து, ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றோடொன்று இணையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஏறியிருந்தால் பலகை முறுக்கியிருக்கிறது. 3 அங்குலப் பலகையில் இரண்டு நூல் (கால் அங்குலம்) முறுக்கு என்றால் இழைத்துச் சரிசெய்யலாம், ஒன்றரை அங்குலப் பலகையில் அந்த ஆசை வேண்டாம். நடுவில் தொய்வு இருக்கிறதா என்று நூல்கயிறு பிடித்தும் பாருங்கள். தொய்ந்த மேசையில் மெல்லிய பட்டியை இழைத்தால், இழைப்புளி அழுத்தும் இடத்தில் பட்டி வளைந்து கீழே போகும், நடுவில் சீவலே வராது.

வைஸுக்கு வருவோம். பழைய பயிற்சிக்கூட மேசைகளில் ரெக்கார்ட் கம்பெனியின் 52½ மாடல் மாதிரியான 9 அங்குல மரவேலை வைஸ் கிடைத்தால் கை நழுவ விடாதீர்கள், ஆனால் வார்ப்பிரும்பில் வெல்டிங் தடம் இருந்தால் தொடவே வேண்டாம். கட்டையை மாட்டிக் கைப்பிடியை நன்றாக இறுக்குங்கள், திருகு சட்டென்று வழுக்கினால் மரை தேய்ந்துவிட்டது. தாடை இரண்டும் மேல்விளிம்பில் முதலில் சேர வேண்டும், அடியில் முதலில் சேர்ந்தால் கட்டை மேலே எம்பும்.

அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். புதிதாக மாவு கொட்டிக் கிடந்தால் உளுப்பு (மரம் துளைக்கும் வண்டு) இன்னும் வேலை செய்கிறது, பழைய ஓட்டைகள் மட்டும் என்றால் பயமில்லை. கால் அடியைத் திருப்புளியால் குத்துங்கள், உள்ளே போனால் ஈரமோ கரையானோ தின்றிருக்கிறது. தோல் ஷெட்டிலிருந்து வந்த மேசை என்றால் பச்சைத் தோலுக்குப் போட்ட உப்பு ஊறி போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கலாம், அவற்றைத் திருகிப் பாருங்கள். பழைய பெயின்ட்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்தத் தூள் வேண்டவே வேண்டாம்.

விலை பேசும்போது குட்டி யானை வாடகையையும் தூக்குகூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேசை ஆடுகிறது, வைஸ் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் வைஸை மட்டும் கேளுங்கள், பல பேர் கழற்றித் தருவார்கள். உயரம் கடைசிதான். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வருகிற உயரம் இழைக்க வசதி. தாழ்ந்திருந்தால் காலுக்கு அடியில் கட்டை கொடுக்கலாம், உயர்ந்திருந்தால் அறுக்கலாம், அறுப்பதற்கு முன் பட்டறையில் போடுகிற செருப்போடு நின்று அளந்துகொள்ளுங்கள்.