உறைபனி குறைந்தால் சோலைக்கு லாபமா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் விடிகாலைப் புல்வெளி உப்பைக் கொட்டி வைத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது வேடிக்கை, தேயிலை வைத்திருப்பவர்களுக்குக் கொழுந்து கருகும் கவலை. நீலகிரி உச்சியில் எங்கே மரம் நிற்கும், எங்கே புல் மட்டும் விளையும் என்பதிலும் இந்த உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,500 மீட்டருக்கு மேல் ஏறினால், மலை மடிப்புகளில் அடர்ந்த குட்டை மரக்காடும் அதைச் சுற்றிப் பரந்த புல்வெளியும் மாறி மாறி வரும். அந்தக் காடுதான் சோலை. காடு முடிந்து புல் தொடங்கும் எல்லையை நாலு எட்டில் தாண்டிவிடலாம். மேகமில்லாத இரவில் புல்வெளியின் மண் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்குப் போய்விடும். சோலைக்குள்ளோ மரக்கூரை அந்த வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பறவை எச்சத்தோடு புல்வெளியில் விழும் நாவல் விதை முளைத்தாலும் பனியில் கருகும். தப்பிய இலையும் விறைத்த நிலையிலேயே காலை வெயிலை வாங்கிச் சேதமாகும்.

இந்த எல்லை என்றும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. கார்பனிலேயே சற்றுக் கனமான ஒரு வகை கார்பன்-13. புல்லும் மரமும் மண்ணில் விட்டுப்போகும் அதன் அளவு வேறு வேறு. சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் நீலகிரிச் சதுப்புகளின் மட்கிய மண்ணில் அதை அளந்து, 20,000 ஆண்டுக் கதையை 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வறண்ட காலங்களில் புல் பரவியிருக்கிறது, ஈரமான காலங்களில் மரம் பெருகியிருக்கிறது.

அப்படியானால் பூமி சூடாகி உறைபனி குறைந்தால் சோலை விரியத்தானே வேண்டும்? கணக்குப்படி சரி. ஆனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் முந்திக்கொண்டு காத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சீகை மரம், அதாவது கருப்பு வாட்டில். தலைக்குத் தேய்க்கும் சீகைக்காயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தோல் பதனிட இதன் பட்டை உதவும் என்று, சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளிகளில் ஏராளமாக நட்டார்கள். பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் நீலகிரிப் புல்வெளியில் கன்றுகளை நட்டுப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சோலைக் கன்றுகள் உறைபனியில் திணறின, சீகைக்கு அது பெரிய தடையாக இல்லை. இரவுக் குளிர் தணிந்தால் அதன் கை இன்னும் ஓங்கும்.

சோலை மரங்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. மழை இல்லாத மாதங்களில் இலையிலும் பாசியிலும் படிந்து சொட்டும் மூடுபனிதான் அவற்றுக்குத் துணை நீர். காற்று சூடாகும்போது மேகம் இன்னும் உயரத்தில்தான் திரளும். சரி, மரங்களும் தலைமுறை தலைமுறையாக மேலே ஏறலாமே என்றால், நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரிதான் குளிர் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். இரண்டரை டிகிரி சூடு ஏறினாலே ஊட்டிச் சோலைக்கு ஏற மலை மிச்சமில்லை. தெற்கே ஆனைமலைக்குப் போகலாம் என்றால் நடுவில் தாழ்வான பாலக்காட்டுக் கணவாய் குறுக்கே நிற்கிறது.

ஆய்வகத்தில் விதையைச் சேமித்து வைத்தாவது காப்பாற்றலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. நெல்லைப் போல உலர்த்தி வைக்க முடியாத விதைகள் சோலையில் பல. ஈரம் போனால் உயிரும் போய்விடும். அப்படிப்பட்ட விதைகளை, பழம் விழுந்த சூட்டோடு நாற்றங்காலில் போட்டு வளர்ப்பதே நம்பகமான வழி.

சீகையை ஒரேயடியாக வெட்டித் தள்ளுவதும் பலன் தராது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டவெளியானாலும் தீப்பிடித்தாலும் கூட்டமாக முளைத்துவிடும். மாறாக, பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில், பக்கத்தில் சோலை இருந்தால், சோலைக் கன்றுகள் தாமாகவே எழும்புகின்றன. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சீகையைக் கழித்துக்கொண்டே போனால் போதும். புல்வெளியில் புதிதாக நுழைந்திருக்கும் இளஞ்சீகையை மட்டும் தாமதிக்காமல் வேரோடு பிடுங்க வேண்டும்.

மரம் நடு விழா நடத்துகிறவர்களுக்குப் புல்வெளிதான் வசதி. குழி தோண்டச் சுலபம், படமும் நன்றாக விழும். ஆனால் அங்கே நடும் சோலைக் கன்று பெரும்பாலும் முதல் டிசம்பரைத் தாண்டாது. தாண்டினாலும், மழையைப் பிடித்து ஓடைக்கு மெல்ல விடும் புல்லின் இடம்தான் பறிபோகும். அதே கன்றைச் சிதைந்த சோலையின் ஓரத்தில், பழைய மரங்களின் நிழல் எட்டுகிற தூரத்துக்குள் நட்டால் பிழைக்கும்.