எல்எஸ் காட்டாமல் விடும் கோப்புகள்

சர்வர் மாற்றும் வேலைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. தளத்தின் கோப்புகளை நகலெடுத்தாகிவிட்டது. லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டை அடித்தால் இரண்டு சர்வரிலும் ஒரே பட்டியல். ஆனால் முகப்பு மட்டும் திறக்கிறது, உள்பக்கங்கள் எதுவும் வருவதில்லை. உள்பக்க முகவரிகளுக்கான விதிகள் இருக்கும் புள்ளி ஹெச்டிஅக்சஸ் கோப்பு வந்து சேரவே இல்லை.

பெயர் புள்ளியில் தொடங்கினால் எல்எஸ் அதைக் காட்டாது, கமாண்டுகளை வாங்கி இயக்கும் ஷெல்லில் எல்லாக் கோப்புகளையும் குறிக்கப் போடும் நட்சத்திரக் குறியும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. இரண்டும் ஒரே கோப்புகளை விடுவதுதான் ஆபத்து. நகலில் விடுபட்டது சரிபார்க்கும்போதும் கண்ணில் படுவதில்லை.

இதை யாரும் யோசித்து வடிவமைத்ததாகத் தெரியவில்லை. பெல் லேப்ஸின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதிய விளக்கத்தின்படி, ஒவ்வொரு டைரக்டரியிலும் இருக்கும் ஒற்றைப் புள்ளி (அதே டைரக்டரி), இரட்டைப் புள்ளி (மேல் டைரக்டரி) என்ற இரண்டு பதிவுகளை மறைப்பதுதான் நோக்கம். முழுப் பெயரையும் ஒப்பிடாமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார்கள். பிறகு வந்த மென்பொருள்கள் தங்கள் செட்டிங்ஸை எல்லாம் அந்த மறைவில் கொண்டுபோய்க் கொட்டின.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டியூ கமாண்டை நட்சத்திரக் குறியோடு ஓட்டுவோம். பல ஜிபி பிடித்திருக்கும் புள்ளி கேஷ் டைரக்டரி கணக்கிலேயே வராது. நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் அழித்த பிறகும், டைரக்டரியை நீக்கும் ஆர்எம்டிஐஆர் கமாண்ட், டைரக்டரி காலியாக இல்லை என்று மறுக்கும். இதைவிட மோசமானது, மறைந்தவற்றைப் பிடிக்கப் புள்ளி நட்சத்திரம் என்று எழுதுவது. பாஷ் என்ற ஷெல்லின் 5.2க்கு முந்தைய பதிப்புகளில் அது இரட்டைப் புள்ளியையும் பிடிக்கும். கோப்பின் உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓனை ரிகர்சிவாக, அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து, அப்படி ஓட்டினால் மேல் டைரக்டரியில் உள்ளவற்றின் உரிமையும் மாறிவிடும்.

எல்எஸ்ஸுக்குப் பெரிய ஏ ஆப்ஷனைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். சிறிய ஏ போலன்றி, அது அந்த இரண்டு பதிவுகளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் காட்டும். நகலெடுக்க நட்சத்திரம் வேண்டாம். மூல டைரக்டரியின் பெயருக்குப் பின் சாய்கோடும் ஒரு புள்ளியும் வைத்து, நகலெடுக்கும் சிபி கமாண்டை ரிகர்சிவாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் அனைத்தும் போகும். என்னைக் கேட்டால், பட்டியலின் கடைசியில் இத்தனை கோப்புகள் மறைந்துள்ளன என்று எல்எஸ்ஸே ஒரு வரி சொல்ல வேண்டும். ஒரு நிர்வாகிக்கு அந்த எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

மறைந்திருப்பதைப் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் புள்ளி என்வ் கோப்பும் வெப் சர்வருக்குச் சாதாரணக் கோப்புதான். தளத்தின் பொது டைரக்டரிக்குள் இருந்து, தனியாகத் தடுக்கவும் இல்லையென்றால், முகவரி அடிக்கும் யாருக்கும் அது கிடைக்கும். அப்பாச்சி வெப் சர்வரின் வழக்கமான செட்டிங், ஹெச்டி என்று தொடங்கும் புள்ளிக் கோப்புகளை மட்டுமே தடுக்கிறது. உங்கள் பொது டைரக்டரியில் பெரிய ஏ ஆப்ஷனோடு எல்எஸ் அடித்துப் பாருங்கள். புள்ளி என்வ், நிரலின் மாற்ற வரலாறு இருக்கும் புள்ளி கிட் டைரக்டரி இரண்டில் எது தென்பட்டாலும் இன்றே வெளியே எடுங்கள், உள்ளே இருந்த கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள்.