கல்ச்சர் ரிசல்ட்டுக்கு ஏன் மூன்று நாள்?

அத்தைக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. மிசி வந்து இரண்டு கையிலும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். மாலையில் பார்க்கப் போனபோது அத்தை மகன் வார்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், நீ லேப்லதானே வேலை செய்யிறே? காலையில அவ்வளவு ரத்தம் எடுத்தாங்க. சுகர் டெஸ்ட்டு அஞ்சு நிமிஷம். கோவிட் கிட்டு பதினஞ்சு நிமிஷம். இந்தக் கல்ச்சருக்கு மட்டும் மூணு நாளாம். என்னலா இது?”

பினாங்கில் கிருமி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் வைத்துக்கூட ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று படியேறிய மூச்சிரைப்பில் சரியாகப் பதில் சொல்லவில்லை.

சுகர் டெஸ்ட், ரத்தத்தில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும் ஒன்றை அளக்கிறது. கல்ச்சர் என்பது ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. கிருமி அப்படி ஏராளமாக இருப்பதில்லை. பெரியவர்களுக்கு ரத்தத்தில் தொற்று ஏறியிருந்தாலும், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பாக்டீரியாகூடத் தேறாமல் போவதுண்டு. அதனால்தான் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் வரை எடுக்கிறார்கள். மச்சான் ‘அவ்வளவு ரத்தம்’ என்று சலித்துக்கொண்டான். கொஞ்சமாக எடுத்திருந்தால்தான் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தப் பாட்டிலில் கிருமிக்குப் பிடித்த சத்துத் திரவம் இருக்கும். உடல் சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிவரும். பாட்டிலின் அடியில் உள்ள உணர்வி அதைக் கண்டுகொண்டு மெஷினில் விளக்கை எரியவிடும். உண்மையான தொற்று என்றால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே விளக்கு எரிந்துவிடும். உடனே ஒரு சொட்டை கண்ணாடிச் சில்லில் தடவி, 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சொன்ன முறையில் சாயம் ஏற்றிப் பார்ப்போம். ஊதாவா, இளஞ்சிவப்பா, உருண்டையா, குச்சியா? அது எந்தப் பெருவகை என்று இதிலேயே தெரிந்துவிடும். அந்த நிமிடமே வார்டுக்குப் போன் போய்விடும். ஆக, மூன்று நாள் வரை யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

ஆனால் அது என்ன கிருமி, எந்த மருந்துக்குப் பணியும் என்பது இன்னும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றைப் பொதுவாக அங்கேயே தொற்றியதாகக் கணக்கில் எடுப்பார்கள். சிறுநீர்க் குழாய், மூச்சுக் குழாய், கழுத்தில் போட்ட லைன், ஆபரேஷன் காயம் என்று அதற்கு வழிகள் பல. வார்டில் குடியிருக்கும் கிருமிகள் நாள் முழுக்க மருந்துக்கு நடுவில் பிழைத்துப் பழகியவை. சந்தையில் வளர்ந்த பிள்ளை மாதிரி சத்தத்துக்கெல்லாம் அசராது. எதற்கு அசரும் என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முதலில் கிருமியைத் தனியாகத் தட்டில் வளர்க்கவேண்டும். தட்டில் இருப்பது வேறொன்றுமில்லை, தீபாவளிக்கு நம் வீட்டில் பச்சையும் சிவப்புமாக வெட்டி வைப்போமே, அதே அகர் அகர்தான். பெயரே மலாய். 1881 வாக்கில் கிருமி ஆய்வின் முன்னோடி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின் தட்டுகள் வெயில் காலத்தில் உருகிக் கொண்டிருந்தன. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் அவர் கற்றுக்கொண்ட கைப்பக்குவம் அது. இன்றைக்கும் உலகத்தின் கிருமி ஆய்வகங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. நம் பக்கத்துச் சமையலறைக்கு இதில் பங்கு உண்டு என்று நான் அடிக்கடி பெருமையடித்துக்கொள்வேன்.

தட்டில் ஓர் இரவு வளர்ந்தால் குட்டிக் குட்டிப் புள்ளிகள் கிடைக்கும். மால்டி-டாஃப் என்ற மெஷின் உள்ள ஆய்வகத்தில் அந்தப் புள்ளியில் ஒன்றை லேசரால் தாக்கி, அதன் புரதங்களின் எடையை வைத்துச் சில நிமிடங்களில் கிருமியின் பெயரைச் சொல்லிவிடலாம். பெயர் தெரிந்தால் பாதி வேலைதான். ஒரே பெயருள்ள இரண்டு கிருமிகளில் ஒன்று சாதுவாகவும் இன்னொன்று முரடாகவும் இருக்கும்.

இனிதான் அசல் சோதனை. புள்ளிகளை உப்புநீரில் கலக்கி, குறிப்பிட்ட கலங்கல் வரும்வரை சரிபார்ப்போம். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி பாக்டீரியா இருக்கும் கலங்கல் அது. பஞ்சுக் குச்சியால் தொட்டு, தட்டைத் திருப்பித் திருப்பி மூன்று திசையில் தடவுவோம். அதன்மேல் 6 மி.மீ. அகலமுள்ள காகித வட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. இந்த வட்டுகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்கக்கூடாது. பினாங்குக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, சில்லென்ற குப்பியைத் திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். சில மருந்துகள் ஈரம் பட்டாலே வீரியம் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவசரப்பட்டுத் திறந்து, ஒரு காலை வேலை முழுவதும் வீணாகி, மேற்பார்வையாளரிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்த்தால், தட்டு முழுவதும் வெண்படலம். மருந்து வேலை செய்யும் வட்டைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்த வளையம். கறுப்புப் பின்னணியில் வைத்து மி.மீ. கணக்கில் அளப்போம். பெரிய வளையம் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அட்டவணை தனி. குடல் வகைக் கிருமிகளுக்கு மெரோபெனம் என்ற மருந்தின் வளையம் 23 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து பலிக்கும், ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்று போடுவோம்; 19-உம் அதற்குக் கீழும் என்றால் பலிக்காது, ‘ஆர்’ என்று போடுவோம். இப்படி வரும் முடிவுகளை நாடு முழுவதிலுமிருந்து தொகுத்துப் பார்ப்பது, 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐஎம்ஆர்.

எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. கார்பபெனம் என்பது கடைசிக் கையிருப்பு மருந்துகளின் குடும்பம். மெரோபெனம் அதில் ஒன்று. சில கிருமிகள் அதையும் நொதி சுரந்து அறுத்துவிடும். அப்படி அறுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகப்படும் கிருமியைக் கொஞ்சம் திரவத்தில் கரைத்து, அதில் மெரோபெனம் வட்டு ஒன்றைப் போட்டு நான்கு மணி நேரம் ஊறவைக்கவேண்டும். அப்புறம் அந்த வட்டை எடுத்து, மெரோபெனத்துக்கு நிச்சயம் சாகக்கூடிய இ.கோலை என்ற சாதுவான குடல் கிருமி ஒன்றைத் தடவிய தட்டில் வைக்கவேண்டும். மறுநாள் வளையம் அகலமாக வந்தால் மருந்து பத்திரமாக இருக்கிறது. வளையமே இல்லாமல் இ.கோலை வட்டை ஒட்டி வளர்ந்திருந்தால், ஊறிய நான்கு மணி நேரத்தில் மருந்தைத் தின்றாயிற்று என்று பொருள். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

அந்த நொதிகளில் ஒன்று என்டிஎம். 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு சுவீடன் திரும்பிய ஒருவரிடம் அகப்பட்டதால் ‘நியூ டெல்லி’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இந்திய அரசுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். இதன் ஜீன் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் ஏறிக்கொண்டு, ஒரு கிருமியிலிருந்து வேறு இனத்துக் கிருமிக்கே தாவும். தமிழ்நாட்டிலோ வேறெங்கோ ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டு வந்தவர்களிடம் இங்கே சேரும்போது ஆசனவாயில் பஞ்சுக் குச்சி வைத்து மாதிரி எடுக்கக் கேட்டால், அதற்குக் காரணம் இதுதான்.

“அப்ப பிசிஆர் பண்ணலாமே?” என்றான் மச்சான். கோவிட் நம் எல்லோரையும் பாதி லேப் ஆளாக்கிவிட்டது.

பிசிஆர் என்பது கிருமியின் ஜீனைத் தேடும் சோதனை. பண்ணலாம், பண்ணுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் என்டிஎம் போன்ற ஐந்து வகை ஜீன்களைத் தேடிச் சொல்லும் கருவி இருக்கிறது. அவசரத்துக்கு அருமையான உதவி. ஆனால் பிசிஆர், நாம் எதைத் தேடச் சொன்னோமோ அதை மட்டும்தான் தேடும். எம்ஆர்எஸ்ஏ என்ற முரட்டு ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை மெக்-ஏ என்ற ஜீனை வைத்துப் பிடித்து வந்தார்கள். 2011-இல் இங்கிலாந்தில், முதலில் கறவை மாட்டுப் பாலில், அதே வேலையைச் செய்யும் மெக்-சி என்ற இன்னொரு ஜீன் அகப்பட்டது. மெக்-ஏ பிசிஆர் அதைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த செஃபாக்சிட்டின் என்ற மருந்தின் காகித வட்டோ வளையத்தைச் சுருக்கிக் காட்டியது. இதைவிடத் தந்திரக்காரன் சூடோமோனாஸ் என்ற கிருமி. புது ஜீன் எதையும் வாங்காமலேயே, மருந்து நுழையும் வாசல் புரதத்தை அடைத்துவிட்டு உள்ளே சுகமாக உட்கார்ந்திருக்கும். எந்த ஜீனைத் தேடி அதைப் பிடிப்பது?

ஜீன் இருந்தால் மருந்து பலிக்காது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஜீன் இல்லை என்பதற்காக மருந்து பலிக்கும் என்று சொல்ல முடியாது. அதைக் கிருமியைத்தான் கேட்கவேண்டும். கிருமி வளர்ந்துதான் பதில் சொல்லும். அந்த வளர்ச்சியையும் சீக்கிரமே படிக்க இப்போது வழி பார்த்திருக்கிறார்கள். விளக்கு எரிந்த பாட்டிலிலிருந்தே நேராகத் தட்டில் ஊற்றி, 4, 6, 8 மணி நேரத்தில் வளையத்தை அளக்கும் முறை ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கிறது. சின்ன வளையத்தை மங்கலான படலத்தில் படிக்கக் கண் பழகவேண்டும், அவ்வளவுதான்.

அத்தையின் பாட்டில் மறுநாள் விடிகாலையிலேயே விளக்கைப் போட்டுவிட்டது. இளஞ்சிவப்புக் குச்சிகள். டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார். அதற்கடுத்த இரண்டாம் நாள் மச்சான் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போன் அடித்தான்.

“மச்சான், கிருமி பேரு கிளெப்சியெல்லான்னு போட்டிருக்கு. கீழ வரிசையா ஆர், ஆர், ஆர். இது பாஸா ஃபெயிலா?”

“மெரோபெனம்னு ஒரு வரி இருக்கும், பாரு.”

“இருக்கு. அதுல எஸ்.”

“இப்ப அத்தைக்கு ஏத்துறது என்ன மருந்துன்னு மிசிகிட்ட கேளு.”

கேட்டுவிட்டு வந்தான். அதேதான்.