அந்த ஒரு புள்ளியை எங்கே போடுவது?

லெவல் ஏறிவிட்டது. திரையில் கேரக்டர் பக்கம் திறக்கிறது. பலம், வேகம், உடல் உறுதி, அறிவு, பேச்சுத்திறன் என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. கையில் இருப்பதோ ஒரே ஒரு புள்ளி.

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி, ஆடுகிறவர்களுக்கு இந்தத் திரை நன்றாகத் தெரியும். டிராகன் எதிரே வந்து நின்றாலும் யோசிக்காமல் பாய்கிறவர்கள்கூட இங்கே வந்ததும் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு ஆர்பிஜியில் மிகவும் பிடித்த இடமே இதுதான். சண்டை, கதை, இசை எல்லாம் அப்புறம்தான்.

அந்த ஒரு புள்ளியின் மதிப்பு என்ன? வெவ்வேறு ஆட்டங்களில் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: புள்ளிக்கென்று சொந்த மதிப்பு எதுவும் கிடையாது. அது போய் விழும் இடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அதற்கு மதிப்பைத் தருகிறது. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் பகடை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் ஒரு கேரக்டருக்கு ஆறு ஸ்டாட், அதாவது பலம், அறிவு போன்ற குணங்களை அளக்கும் எண்கள். மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகைதான் ஒரு ஸ்டாட்டின் அளவு. மூன்று பகடைகள் மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் 18 வருவதற்கு ஒரே ஒரு வழி. மூன்றிலும் ஆறு விழ வேண்டும். 10 அல்லது 11 வருவதற்கோ 54 வழிகள். ஆக, நான்கு தடவை உருட்டினால் ஒரு தடவை நடுத்தரமான ஆள் கிடைப்பார், மாவீரன் கிடைக்க 216-இல் ஒரு வாய்ப்பு. நடுவில் மேடாகவும் இரு ஓரங்களில் சரிந்தும் போகும் இந்த வளைவு, இன்றைய வீடியோ கேம்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

2019-இல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் இதை அப்படியே பார்க்கலாம். அங்கே எதைச் செய்ய முயன்றாலும் இரண்டு பகடைகள் உருளும்; அதோடு உங்கள் திறமை எண்ணும் சேரும். பகடையில் 8 விழுந்தால் போதும் என்ற நிலையில் வெற்றி வாய்ப்பு 41.7%. திறமையில் ஒரு புள்ளி கூட்டினால் இனி 7 விழுந்தாலே போதும், வாய்ப்பு 58.3% ஆகிவிடும். ஒரு புள்ளிக்கு 16 சதவீதத்துக்கு மேல்! அதே புள்ளியை ஏற்கெனவே 3 விழுந்தால் போதும் என்ற நிலையில் போட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் எப்போதுமே தோல்வி என்பது அந்த ஆட்டத்தின் விதி. அதனால் 97 சதவீதத்துக்கு மேல் போக வழியே இல்லை. பகடை அதேதான், புள்ளியும் அதேதான், நிற்கும் இடம் மட்டும்தான் மாறியது.

20 முகப் பகடையில் இந்த மேடு கிடையாது. எந்த எண் விழவும் ஒரே வாய்ப்பு, 5%. ஆகவே ஒவ்வொரு கூடுதல் புள்ளியும் 5% தருகிறது. இங்கேயாவது மதிப்பு சமம் என்று தோன்றும். ஆனால் 20 விழுந்தால்தான் அடி படும் என்றிருந்தவருக்கு 19-ம் சேர்ந்தால் வாய்ப்பு 5-லிருந்து 10 ஆகிறது, அதாவது அவருடைய அடிகள் இரண்டு மடங்கு. பாதிக்குப் பாதி அடித்துக்கொண்டிருந்தவருக்கு அதே புள்ளி பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆடியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அங்கே ஸ்டாட்டை அப்படியே பகடையோடு கூட்டுவதில்லை. அதிலிருந்து 10-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு வரும் எண்ணைத்தான் கூட்டுகிறார்கள். பலம் 14 என்றால் +2, 15 என்றாலும் +2, 16-க்குத்தான் +3. ஒற்றைப்படை எண்ணில் போய் நிற்கும் புள்ளி, அடுத்த புள்ளி வரும்வரை அநேகமாகச் சும்மாதான் இருக்கும்.

பகடையே கண்ணுக்குத் தெரியாத ஆட்டங்களில் வடிவமைப்பாளர்கள் வளைவை நேரடியாகவே வரைந்துவிடுகிறார்கள். எல்டன் ரிங்கில் ஹெச்பி எனப்படும் உயிர்ப்புள்ளிகளைத் தருவது விகர் என்ற ஸ்டாட். விகர் 25-இல் ஹெச்பி 800. 40-இல் 1450. 60-இல் 1900. 99-இல் 2100. வகுத்துப் பாருங்கள்: 25-லிருந்து 40 வரை ஒரு புள்ளிக்கு சுமார் 43 ஹெச்பி, 40-லிருந்து 60 வரை 22 சொச்சம், அதற்கு மேல் வெறும் ஐந்து. இப்படி வளைவு படுத்துக்கொள்ளும் இடத்தைத்தான் சாஃப்ட் கேப் என்கிறார்கள். ஒரே ஸ்டாட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதபடி, "போதும், வேறு பக்கம் பார்" என்று ஆட்டம் சொல்லும் விதம் அது.

இப்போது கவசத்துக்கு வருவோம். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. நானும் வெகுநாள் தவறாகத்தான் நினைத்திருந்தேன். கவசம் ஏற ஏற பயன் குறைந்துகொண்டே போகிறது என்பார்கள். வார்கிராஃப்ட் 3-இன் கணக்கை எடுத்துக்கொள்வோம். பல ஆட்டங்களில் இதே மாதிரியான சூத்திரம்தான். கவசப் புள்ளியை 0.06-ஆல் பெருக்கி, அந்த விடையை, அதே விடையோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். அதுதான் குறையும் அடியின் பங்கு. கவசம் 10 என்றால் 37.5% அடி குறையும். 20 என்றால் 54.5%. 30 என்றால் 64.3%. முதல் பத்துக்கு 37.5, அடுத்த பத்துக்கு 17, மூன்றாவது பத்துக்குப் பத்துக்கும் குறைவு. பார்த்தால் நஷ்டக் கணக்குதான்.

ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டு, சாகும்வரை எவ்வளவு அடி தாங்கலாம் என்று கேளுங்கள். 1000 ஹெச்பி உள்ள கேரக்டர் கவசமே இல்லாமல் 1000 ஹெச்பி அளவுக்கு அடி தாங்கும். கவசம் 10 இருந்தால் 1600. 20 இருந்தால் 2200. 30 இருந்தால் 2800. ஒவ்வொரு பத்துக்கும் சரியாக 600! வளைந்து படுப்பதுபோலத் தெரிந்த கோடு, உண்மையில் நேர்கோடு. காகிதத்தில் இதை முதன்முதலில் எழுதிப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை. தாங்கும் திறனை இப்படி அடியின் அளவில் சொல்வதற்கு எஃபெக்டிவ் ஹெச்பி என்று பெயர்.

இந்தச் சூத்திரம் இல்லாமல் சதவீதத்தை அப்படியே கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 1000 ஹெச்பி, 50% தடுப்பு என்றால் 2000 அடி தாங்கும். 80% என்றால் 5000. 90% என்றால் 10,000. 99% என்றால் ஒரு லட்சம். கடைசிப் புள்ளிகளுக்குப் பைத்தியக்காரத்தனமான மதிப்பு வந்துவிடும். அதனால்தான் 2000-ஆம் ஆண்டின் டயாப்லோ 2 நெருப்பு, பனி போன்றவற்றைத் தாங்கும் தடுப்பை 75 சதவீதத்தில் நிறுத்தியது. அந்த வரம்பையே சில பொருட்களைக் கொண்டு உயர்த்தலாம். ஆனாலும் 95-க்கு மேல் விடாது. 75-ஐ 80 ஆக்கினால் ஐந்துதானே என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. முன்பு உள்ளே வந்த அடி 25 பங்கு, இப்போது 20 பங்கு. ஐந்தில் ஒரு பங்கு அடி காணாமல் போய்விட்டது.

சரி, புள்ளியை ஹெச்பியில் போடுவதா, கவசத்தில் போடுவதா? இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பதுதான் முக்கியம். ஒரு புள்ளிக்கு எதிலும் 10% ஏறும் என்று வைத்துக்கொள்வோம். கையில் 20 புள்ளிகள். எல்லாவற்றையும் ஹெச்பியிலேயே போட்டால் அது 3 மடங்கு ஆகும். கவசம் பழையபடியே இருக்கும். தாங்கும் திறன் 3 மடங்கு. பாதிப் பாதியாகப் பிரித்தால் அது 2 மடங்கு, இது 2 மடங்கு, பெருக்கினால் 4. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களைப் பெருக்கினால், அவை சமமாக இருக்கும்போதுதான் விடை மிகப் பெரியதாக வரும் என்று பள்ளிக் கணிதத்தில் படித்தோமே, அதேதான். ஒரே சுற்றளவுள்ள செவ்வகங்களில் சதுரத்துக்குத்தான் பரப்பளவு அதிகம் என்பதும் இதுவே.

கிரிட்டிகல் அடியிலும், அதாவது சில வேளைகளில் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடியிலும், இந்தச் சதுரம் ஒளிந்திருக்கிறது. கென்ஷின் இம்பாக்ட்டில் கிரிட்டிகல் விழும் வாய்ப்பு ஒரு ஸ்டாட், விழுந்தால் எவ்வளவு கூடுதல் அடி என்பது இன்னொரு ஸ்டாட். வாய்ப்பில் ஒரு சதவீதம் கிடைக்கும் இடத்தில் கூடுதல் அடியில் இரண்டு சதவீதம் கிடைக்கும். வாய்ப்பு 50%, கூடுதல் 100% என்று வைத்தால் சராசரி அடி 1.5 மடங்கு. அதே புள்ளிகளை மாற்றிப் போட்டு வாய்ப்பு 20%, கூடுதல் 160% என்று வைத்தால் 1.32 மடங்குதான். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தை அதன் ரசிகர்கள் மந்திரம்போலச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எல்லா ஸ்டாட்டிலும் சமமாகப் போட்டுவிட்டால் முடிந்ததா? நான் நாள்கணக்கில் மூழ்கி ஆடிய முதல் பெரிய ஆர்பிஜியில் அதைத்தான் செய்தேன். வாள்வீச்சில் கொஞ்சம், மந்திரத்தில் கொஞ்சம், வில்லில் கொஞ்சம், பூட்டு திறப்பதில் கொஞ்சம். பாதிக் கதைக்கு மேல் எந்த எதிரியையும் வெல்ல முடியாமல் நின்றுபோனேன். நாற்பது மணி நேரம் வளர்த்த கேரக்டரை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியபோது மிகவும் வருத்தமாக இருந்தது. எங்கே தவறியது என்பது பிற்பாடுதான் விளங்கியது. ஹெச்பியும் கவசமும் ஒரே அடியின்மேல் சேர்ந்து வேலை செய்கின்றன, அதனால் பெருகுகின்றன. வாளும் மந்திரமும் அப்படியில்லை. ஒரு நேரத்தில் வாளை வீசலாம், அல்லது மந்திரம் போடலாம். ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று வருகிறது. இரண்டில் எது பெரியதோ அதுதான் கணக்கில் வரும். மற்றதில் போட்டது பெட்டியில் கிடக்கும்.

நல்ல பில்டு, அதாவது புள்ளிகளைப் பங்கிட்டுக் கேரக்டரை வளர்க்கும் நல்ல முறை, என்று அனுபவசாலிகள் சொல்வதெல்லாம் இந்தப் பிரிவினைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றாக வருபவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் துணிந்து கைவிடுவது. தேர்ந்ததைப் பெருக்கக் கூடியவற்றில் புள்ளிகளைப் பரப்புவது. வாள் என்று முடிவெடுத்தபின் பலம், வீசும் வேகம், கிரிட்டிகல், எதிரியின் கவசத்தைத் துளைக்கும் திறன் எல்லாம் ஒன்றையொன்று பெருக்கும். நான்கிலும் கால் பங்கு ஏறினாலே, 1.25-ஐ நான்கு தடவை பெருக்க, அடி கிட்டத்தட்ட 2.44 மடங்கு ஆகிவிடும்.

இவ்வளவு கணக்குப் போட்டாலும், சதவீதம் என்றாலே நம் மனம் வேறு மாதிரிதான் கேட்கிறது. 90% என்று திரையில் பார்த்தால் "நிச்சயம் படும்" என்று எடுத்துக்கொள்கிறோம். தவறினால் ஆட்டம் ஏமாற்றுகிறது என்று கோபம் வருகிறது. ஃபயர் எம்பளம் தொடர் 2002-இல் வந்த ஆட்டத்திலிருந்து இதற்கு அழகான ஒரு வழியைக் கையாண்டது. தற்செயலாக எடுக்கும் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியை வைத்து அடி படுமா என்று பார்த்தது. இரண்டின் சராசரி நடுவில்தான் குவியும் என்பதால், திரையில் 90% என்று காட்டினால் உண்மையில் 98.1%. 80% என்பது 92.2%. எதிரியின் 10% என்பது வெறும் 2.1%. நம் மனம் எதை நியாயம் என்று உணர்கிறதோ, அதற்கு ஏற்றாற்போலக் கணக்கை வளைத்துவிட்டார்கள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடுபவரின் மனதையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிவமைப்பு அது.

எண் திரையில் இருந்தும் உள்ளே எதனோடும் இணையாமல் போன கதையும் உண்டு. 1987-இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டசியில் அறிவு என்ற ஸ்டாட் மந்திரத்தின் வலிமையைக் கூட்ட வேண்டும். புரோகிராமில் இருந்த ஒரு பிழையால் அந்த மூலப் பதிப்பில் அது எதையுமே செய்யவில்லை. மந்திரவாதியின் அறிவு லெவலுக்கு லெவல் ஏறிக்கொண்டே போனதை எத்தனையோ பேர் மகிழ்ச்சியோடு பார்த்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான அறிவு, 1997-இன் ஃபால்அவுட்டில் இருக்கிறது. அதில் ஏழு ஸ்டாட், ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை. ஒவ்வொரு லெவலுக்கும் உங்களுக்குக் கிடைக்கும் திறமைப் புள்ளிகள் ஐந்தோடு அறிவின் இரு மடங்கைக் கூட்டிய அளவு. அறிவு 5 என்றால் லெவலுக்கு 15. அறிவு 9 என்றால் 23. இருபது லெவல் ஏறுவதற்குள் வித்தியாசம் 160 புள்ளிகள். புள்ளிகளையே ஈன்று தரும் புள்ளி! ஆட்டத்தின் தொடக்கத்தில் போட்டால்தான் முழுப் பலன். கடைசி லெவலில் போட்டால் திறமைப் புள்ளிக் கணக்கில் அது எதையும் தராது.

அப்படியென்றால் எல்லோரும் அறிவில்தானே போட வேண்டும்? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதில் அறிவை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு தொடங்கிப் பாருங்கள். உங்கள் கேரக்டருக்கு முழு வாக்கியம் பேச வராது. ஓரிரு சொற்களும் முனகலும்தான். ஊரார் பொறுமை இழக்கிறார்கள், சிலர் இரங்குகிறார்கள், பல வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கவே மறுக்கிறார்கள். 1998-இல் வந்த அடுத்த பாகத்தில் கிளமத் என்ற ஊரில் டார் என்று ஒருவன் இருக்கிறான். மாடு மேய்ப்பவன், அவன் பேசுவது சாதாரண அறிவுள்ள கேரக்டருக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். அறிவு குறைந்த கேரக்டரோடு அவனிடம் போனால் மட்டும், இருவரும் பெரிய கல்விமான்கள்போல நிறுத்தி நிதானமாக, அழகான சொற்களில் உரையாடுகிறார்கள். அறிவில் ஒன்பது வைத்திருந்த என் கேரக்டருக்கு அந்த உரையாடல் திறக்கவே இல்லை. அதைக் கேட்பதற்காகவே இன்னொரு கேரக்டரை முதலிலிருந்து உருவாக்கினேன்.