கத்தியின் முதுகில் சுத்தியலால் அடிக்காதீர்கள்

நான் அடித்துக் கொடுத்த பெரிய வெட்டுக்கத்தி ஒன்று போன வாரம் பட்டறைக்குத் திரும்பி வந்தது. முதுகில் நாலைந்து பள்ளம். கூடவே கொண்டுவந்திருந்த சுத்தியலின் முகத்தில், ஓரமாக, அரை அரிசி அளவுக்கு ஒரு சில்லைக் காணோம். "புதுக் கத்தியாச்சே, எவ்வளவு தாங்குதுன்னு காய்ந்த கட்டையில் போட்டுப் பார்த்தோம். மாட்டிக்கிட்டது. மேலே தட்டினோம்" என்றார் வந்தவர். அந்தச் சில்லு பக்கத்தில் நின்ற அவர் தம்பியின் கண்ணுக்குள் போயிருக்கிறது. என் கத்தியில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. இனியும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது.

அவரும் கேட்டார், எல்லோரும் கேட்கிறார்கள்: "நல்ல இரும்பு என்றால் எதில் அடித்தாலும் ஒன்றும் ஆகக் கூடாதுதானே?" இல்லை. கடினம் வேறு, உறுதி வேறு. கடினம் கூடினால் கூர் நிற்கும், ஆனால் உடையும். குறைந்தால் உடையாது, ஆனால் கூர் மடங்கும். கத்தி அடிக்க நாங்கள் எடுக்கிற வண்டி ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 சதவீதம் கரி (கார்பன்) இருக்கும். அதைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரிக்கும் மேலே ஏற்றி எண்ணெயில் தோய்த்து எடுத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கீழே விழுந்தாலே விரிசல் விடும். மறுபடி 200 டிகிரிக்கு மேல் மெதுவாகச் சூடேற்றி அந்த முறைப்பை, அதாவது உடைகிற அளவுக்கு ஏறிய கடினத்தை, கொஞ்சம் இறக்குகிறோம். எவ்வளவு இறக்குவது என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. மரம் வெட்டுவதற்கு இறக்கிய பதம் மரத்துக்கு மட்டும்தான். ஆணி, கல், கம்பி இவற்றில் அடித்துப் பார்ப்பது கத்தியைச் சோதிப்பது ஆகாது, கெடுப்பதுதான். சுத்தியலின் முகமும் தோய்ச்சல் ஏறியதே, அதாவது இப்படித் தோய்த்துக் கடினமாக்கியதே. தோய்ச்சல் ஏறிய இரண்டு இரும்பை மோதவிட்டால், எது தெறிக்கும், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று நாற்பது வருடம் உலையில் நின்றவராலும் சொல்ல முடியாது.

கத்தி மாட்டிக்கொண்டால் மரக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். கைக்கனமான விறகுத் துண்டு இருந்தாலும் போதும்.

சரி, எப்படித்தான் சோதிப்பது? வெட்டுவதற்கு முன்னால் மண்ணெண்ணெயை அலகு முழுக்கத் தடவி, பத்து நிமிஷம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். கோடு தெரிந்தால் வெட்டவே வேண்டாம், செய்தவரிடம் கொண்டுபோங்கள். அடுத்து பிடி. பிடியில் மாட்டிய இரும்பு வளையமான பூணைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். துளி ஆடினாலும் வெட்டக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகிவிடும் என்று சொல்வார்கள். அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும், ஓங்கும்போது அலகு கழன்று பறக்கும்.

முதலில் மணிக்கட்டுக் கனத்தில் பச்சைக் கிளை. பத்து வெட்டு வெட்டிவிட்டு வெளிச்சத்தில் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பைப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தில் மினுங்காது. மினுங்குகிற இடத்தில் மழுங்கியோ மடங்கியோ இருக்கும். மடங்கியிருந்தால் பதம் கொஞ்சம் இளகல், சாணைக்கல்லில் சரியாகிவிடும். சில்லு விட்டிருந்தால் பதம் முறைப்பாக இருக்கிறது, நிறுத்துங்கள். இரண்டும் இல்லையென்றால் காய்ந்த மரம், கணு எல்லாம் கடைசியில். மிஷினில் சாணை பிடிக்கும்போது வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அது என் தோய்ச்சலின் குற்றம் இல்லை!

கையும் கத்தியும் சேர்ந்த நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்க வேண்டாம், குழந்தைகள் அந்தப் பக்கமே வேண்டாம். குறி தவறினால் கத்தி கட்டையிலோ மண்ணிலோ போய் நிற்க வேண்டும், உங்கள் முழங்காலில் அல்ல. தாழ்வான கட்டை என்றால் மண்டியிட்டு வெட்டுங்கள். பிடியில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டாதீர்கள். நழுவுகிற கத்தி தூரமாகப் போய் விழட்டும், திரும்பி உங்கள் கைக்கே வரக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், தயவுசெய்து போடுங்கள்.

அப்படியும் கண்ணில் ஏதோ பட்டது போலிருந்தால், வலி குறைவுதானே என்று இருந்துவிடாதீர்கள். வேகமாக வருகிற சின்னச் சில்லு பெரிய வலி இல்லாமலே உள்ளே போய்விடும். அந்தத் தம்பியும் மறுநாள் காலை வரை தூசி என்றுதான் நினைத்திருக்கிறார். கசக்க வேண்டாம், நீங்களே எடுக்கப் பார்க்க வேண்டாம். கண்ணை அழுத்தாமல், மேலே ஒரு காகிதக் கோப்பையை மூடிபோல வைத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். இரும்பு இரும்பில் பட்டுத் தெறித்தது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே இரும்பு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் அந்த மிஷினில் இருக்கும் பலமான காந்தமே சில்லை நகர்த்திவிடக்கூடும்.