ரத்தத்தில் வந்த கிருமி எது என்று கேளுங்கள்

"காய்ச்சல்தான் விட்டுப்போச்சே டாக்டர், இன்னும் எதுக்குக் குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும்?" வார்டில் இப்படிக் கேட்காதவர் குறைவு. குளிர் நடுக்கத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்து, ஊசி மருந்தில் தேறி வீட்டுக்குக் கிளம்பும்போது வேறொரு துறைக்குத் தேதி கொடுத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ரத்தத்தை வளர்ப்புப் புட்டியில் இட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் கிருமி எதுவென்று தெரிந்துவிடும். சில கிருமிகள் தாம் புறப்பட்ட இடத்தையும் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிடிகஸ் அப்படிப்பட்டது. பழைய பெயர் போவிஸ். இது ரத்தத்தில் தென்பட்டால் இதய வால்வையும் பெருங்குடலையும் பார்த்தே ஆகவேண்டும். குடலில் புற்றுநோயோ, பிற்பாடு புற்றாக மாறக்கூடிய கட்டியோ ஒளிந்திருக்கலாம். இந்தத் தொடர்பு 1951-லேயே மருத்துவ இதழில் பதிவானது. கட்டியால் கிருமி உள்ளே நுழைகிறதா, கட்டி வளரக் கிருமியும் துணைபோகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. "வீட்டிலேயே மலப் பரிசோதனை செஞ்சேன், ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு" என்பார்கள். 50 வயது தாண்டியவர்கள் ஆண்டுதோறும் செய்துகொள்ளும் அந்தப் பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. இந்தக் கிருமி வந்தபின் அது போதாது.

நம் ஆட்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் கிளெப்சியெல்லா என்ற கிருமியையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கல்லீரலில் சீழ் கட்டுவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். ரத்தம் வழியாகக் கண்ணுக்குப் போய்ப் பார்வையையே பறித்துவிடும். காய்ச்சலுக்கு நடுவே கண் மங்கினால் அன்றைக்கே சொல்லுங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதையே இந்தச் சீழ்க்கட்டி வந்தபிறகுதான் தெரிந்துகொள்பவர்களும் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும், மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமியும் சர்க்கரைக்காரர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. கட்டுமானத் தளத்திலோ தோட்டத்திலோ வேலை செய்பவர் காலில் புண்ணோடு சேற்றில் இறங்க வேண்டாம்.

எல்லா நேரமும் உள்நோய் இருந்தே தீரும் என்றில்லை. 2015-இல் சிங்கப்பூரில் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டதால் பரவிய பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வேறு நோயே இல்லாதவர்களையும் படுக்கையில் தள்ளியது. அந்த ஆண்டு டிசம்பரில் உணவுக் கடைகளில் பச்சை நன்னீர் மீன் விற்பதற்குத் தடை வந்தது. ஆகவே கிருமியின் பெயரைக் கேட்டதும் பதற வேண்டாம். "இது எங்கிருந்து வந்திருக்கும், வேறு எதைப் பார்க்கணும்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊருக்குப் போய்வரும்போது ஆன்டிபயாட்டிக் அட்டைகளை வாங்கிவந்து அலமாரியில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நடுங்கும் காய்ச்சலுக்கு அதில் இரண்டைப் போட்டுக்கொண்டு மறுநாள் வருகிறார்கள். அப்போது பல நேரம் புட்டியில் எதுவும் வளர்வதில்லை. எங்கே தேடுவது என்று எங்களுக்குத் துப்பே கிடைக்காது.