போனைப் பிடுங்கி வைத்தால் அரியர் போய்விடாது

அடுத்த செமஸ்டர் தொடங்கப் போகிறது. கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கும் என் அறைக்கு, இந்த வாரம் வந்த பெற்றோர் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் ஒரே புகாரோடுதான் வந்தார்கள். கடைசியாக பாம்பன் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். உட்கார்ந்ததும், "சார், போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். இனிமே படிச்சிருவான்ல?" என்றார். பையன் தலை நிமிரவே இல்லை. இரண்டு செமஸ்டரில் ஐந்து அரியர். வீட்டுக்குத் தெரிய வந்ததே போன மாதம்தான்.

படிக்க மாட்டான் அம்மா. போனைப் பூட்டினால் படிப்பு வந்துவிடும் என்றால் எனக்கு இங்கே வேலையே இருக்காது.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், முக்கால்வாசிப் பேரின் கதை ஒன்றாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து நல்ல மார்க்கும் வாங்கிய பிள்ளை. கல்லூரியில் முதல் வாரமே பாடம் முழுக்க ஆங்கிலத்தில் ஓடுகிறது. எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். இரண்டாவது வாரம் நடத்துவது முதல் வாரப் பாடத்தை நம்பி நிற்பதால் அதுவும் புரிவதில்லை. முதல் இன்டர்னலில் மார்க் குறைகிறது, வீட்டில் சொல்லப் பயம். அதற்கப்புறம்தான் ராத்திரி முழுக்க போன். நீங்கள் பார்ப்பது ராத்திரி ஒரு மணிக்கு ஒளிரும் திரையை. காலை பத்து மணி வகுப்பில் அவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் பழி போன் மேல் விழுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்று வகுப்பு வாட்ஸ்அப் குழு, ஆசிரியர் அனுப்பும் நோட்ஸ், தேர்வுத் தேதி, உதவித்தொகைக்கான ஓடிபி எல்லாம் அந்தப் போனில்தான் வருகின்றன. அதைப் பறித்தால், பாதி விலகி நிற்கும் பிள்ளை முழுதாக விலகிவிடும். தூக்கம் கெடுகிறது என்றால் இரவு பத்தரைக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனையும் ஹாலில் சார்ஜில் போடுங்கள். அப்பாவின் போனும் சேர்த்துத்தான்.

சரி, என்னதான் செய்வது? கல்லூரி திறக்கும் முன் ஒரு நாள் பிள்ளையோடு உட்காருங்கள். "எத்தனை மார்க்?" என்று கேட்காமல், "எந்தப் பாடம் புரியல? யார்கிட்ட கேட்கலாம்?" என்று கேளுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல அப்பாக்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். வாரம் ஒருமுறை வரும் வீடியோ காலும் மார்க் விசாரணையாகவே முடிந்தால், பிள்ளை அடுத்த காலை எடுக்காது. அரியரைத் திரும்ப எழுதலாம். ஐந்தையும் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லாதீர்கள், நடப்புப் பாடமும் சேர்ந்து போகும். இரண்டை எடுத்து, அந்தப் பாட ஆசிரியரைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

பேசும்போது சாப்பாடு, தூக்கம் மாறியிருக்கிறதா, கூட்டாளிகளை விட்டு ஒதுங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் சும்மா விடாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் (டெலிமானஸ்) எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. மந்திரிப்பது, கயிறு கட்டுவது என்று வாரக்கணக்கில் அலைந்த பிறகு டாக்டரிடம் வராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் பணம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 61 நாள் வருமானம் நின்று, வலையைச் செப்பனிட்டு, டீசலுக்குக் கடன் வாங்கி நிற்கும் நேரத்தில்தான் கல்லூரிக் கட்டணமும் வருகிறது. வட்டி, அடகு என்று நீங்கள் ராத்திரி குசுகுசுவெனப் பேசுவது பிள்ளைக்குக் கேட்கும். படிப்பை நிறுத்திவிட்டுப் படகேறலாம் என்று அவனே முடிவெடுக்கிறான். எவ்வளவு தேறியிருக்கிறது, மீதி எப்படி வரும் என்று அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். கெடு முடிவதற்கு முன்பே அலுவலகத்தில் கடிதம் கொடுத்துத் தவணை கேளுங்கள். கெடு தாண்டி வந்து அழுதால் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் எத்தனை பேருக்கு இந்தப் பணம் நின்றுபோகிறது தெரியுமா? வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பொறியியல் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.

கடைசியாக வருகைப்பதிவு. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகை போக மிஞ்சுவது 22 நாள்தான். தடைக்காலம் முடிந்து படகில் ஆள் குறைகிறது என்று பையனை ஒரு வாரம் கூட்டிப் போவது, காதுகுத்துக்கு நாலு நாள், கோயில் கொடைக்கு மூன்று நாள். அப்புறம் உண்மையிலேயே காய்ச்சல் வந்தால் எடுக்க நாள் இருக்காது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வந்து படிக்கும் பிள்ளைக்குப் போகவர நூறு கிலோமீட்டருக்கு மேல். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போச்சு. காலையில் கடைக்கும் ரேஷனுக்கும் அந்தப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.